சிப்பிக் குழியில் நீளம் தாண்டுதல்

எந்த வாத்தியார் லீவு போட்டாலும், எந்தப் பாடம் பாக்கி விழுந்தாலும், பள்ளிக்கூடத்தில் முதல் வெட்டு விழுவது பி.டி. பீரியட் மேல்தான். கழுத்தில் விசில் மாட்டிப் பிழைத்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வயிற்றெரிச்சலும் என் வயிற்றெரிச்சலும் ஒன்றுதான்.

கப்போடு வந்தால் பீரியட்

தொண்ணூறுகளின் கடைசியில் அரியலூருக்குப் பக்கத்தில் ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பி.டி. பீரியட். கணக்கு வாத்தியார் ராமலிங்கம் சார் பத்து நிமிஷம் முன்னாலேயே வாசலில் வந்து நின்று, "ஒரே ஒரு கணக்கு சார்" என்பார். தங்கமான மனுஷன். அதனாலேயே எனக்கு வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல வராது.

தலைமையாசிரியருக்கு இந்த இழுபறி அலுத்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பீரியடை மொத்தமாகக் கணக்குக்கே எழுதிவிடுவதாகச் சொன்னார். பையன்கள் வெயில் படாமல் சோகை பிடித்துப் போவான்கள் என்று மன்றாடினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பெரம்பலூர்ல மாவட்டப் போட்டி வருதுல்ல? கப்போட வாங்க, பீரியடை வெச்சுக்குங்க. வெறுங்கையோட வந்தா விசிலைக் கழட்டி என் டேபிள்ல வெச்சிருங்க."

வெள்ளை மேல் வெள்ளை

எங்கள் மைதானத்தை ஒட்டித்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். புழுதி வந்து படிந்து படிந்து தரையே வெளுத்துக் கிடக்கும். அதில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டால் போட்டவனுக்கே தெரியாது. அதனால் செங்கல்லை இடித்துச் சிவப்புக் கோடு போடுவோம். வெள்ளை என்றால் தரை, சிவப்பு என்றால் கோடு. எங்கள் பையன்களின் கண் அப்படிப் பழகிவிட்டது.

மத்தியான வெயிலில் அந்தப் புழுதிக்குள் அவன்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! பாதி உருவம் தெரியும், பாதி தெரியாது. கால் தரையில் படுகிறதா என்பதே சந்தேகமாக இருக்கும். விசில் வாயில் இருக்கும், ஊதத் தோன்றாது எனக்கு. ஒருநாள் செங்கல் இடித்துக் களைத்துப்போன குண்டுப் பையன் ஒருத்தன் என் மயக்கத்தைக் கலைத்தான்: "கோடு தெரியாத எடத்துல எதுக்கு சார் ஓடணும்? சும்மா நின்னாலும் யாருக்கும் தெரியாதுல்ல?"

குழிக்குள் கடல்

நீளம் தாண்ட ஒரு குழி தோண்டினோம். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் சிப்பி. கல்லாய் இறுகிப்போன சிப்பி. அறிவியல் வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, ஒரு காலத்தில் இந்த ஊரே கடலுக்கு அடியில் கிடந்தது என்றார். வாயாடிப் பையன்கள் அத்தனை பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிப்பி பொறுக்க ஆரம்பித்துவிட்டான்கள்.

ஆற்று மணலுக்கு எங்கே போவது? தோண்டின மண்ணையே கொத்திப் பொலபொலப்பாக்கி வைத்துக்கொண்டோம். எவ்வளவு பொறுக்கினாலும் சிப்பித் துண்டு மிஞ்சும். தாண்டி விழுந்தவன் பின்னால் சாய்ந்தால் முதுகு கிழியும். அதனால் குதிகால் பட்டதுமே தவளை மாதிரி முன்னால் துள்ளி வெளியேறிவிடுவான்கள். அதுவும் நல்லதற்குத்தான். குழியில் உடம்பின் எந்தப் பகுதி எல்லாவற்றுக்கும் பின்னால் படுகிறதோ, அங்கிருந்துதானே அளப்பார்கள்.

இதில் கெட்டிக்காரன் செல்வராசு. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பான். குழியில் மட்டும் மற்றவர்களைவிட ஒரு முழம் கூடுதலாகத் தாண்டுவான். அன்றைக்கு ஒரு சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆகாயத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டான்: "அப்போ நம்ம தலைக்கு மேல, அந்தப் பருந்து பறக்குற வரைக்கும் தண்ணி இருந்திருக்குமா சார்?"

கால்சட்டைப் பஞ்சாயத்து

செல்வராசுவின் அம்மா ஒருநாள் சிப்பியில் கிழிந்த அவன் கால்சட்டையோடு மைதானத்துக்கே வந்துவிட்டது. பெரம்பலூர் போகவிடாமல் பண்ணிவிட்டால் என் கதி? இவனை நம்பித்தான் பீரியடே இருக்கிறது என்று கெஞ்சினேன். அந்தம்மா மகன் ஓடி வந்து எழும்புவதை ஒரு தடவை நின்று பார்த்தது. அதற்கப்புறம் கோபத்தைக் காணோம். கால்சட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னது: "எம்புட்டு வேணாலும் தாண்டட்டுங்க சார். எந்த எடத்துல வுழுவுறான்னு மட்டும் பாத்துக்குங்க."

பெரம்பலூர் மணல்

துணைக்கு ராமலிங்கம் சாரையே அனுப்பினார் தலைமையாசிரியர். மனுஷன் பஸ்ஸிலும் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே வந்தார். மற்ற பையன்கள் ஒவ்வொருத்தனாகத் தோற்று வந்து உட்கார, கடைசியில் நீளம் தாண்டுதல்தான் மிச்சம்.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. செல்வராசு முதல் இரண்டையும் கோட்டைத் தாண்டி மிதித்துக் கெடுத்தான். அங்கே தாண்டும் கட்டைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அவனுக்குத்தான் வெள்ளை என்றால் தரை ஆயிற்றே! "வெள்ளைதான்டா கோடு" என்று காட்டி, தொட்டு, தலையில் அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது வாய்ப்பு. கட்டையைச் சரியாக மிதித்து எழும்பினான். எழும்பியவன் இறங்கவே இல்லை என்று தோன்றியது எனக்கு. முன்னணியில் இருந்தவன் விழுந்த இடத்தில் குத்தியிருந்த கொடியைத் தாண்டிக் குதிகால் பதிந்தது. இனி முன்னால் துள்ளினால் போதும், கப் எங்களுக்கு. ஆனால் அது சலித்துக் கொட்டிய ஆற்று மணல். கணுக்கால் வரை புதைந்தது. அப்படி ஒரு மண் அவன் காலுக்குப் பழக்கமே இல்லை. ஒரு கணம் குனிந்து பார்த்தான். மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். இரண்டு கையையும் விரித்து, ஆகாயத்தைப் பார்த்தபடி மல்லாந்துவிட்டான்.

தலை பட்ட இடத்திலிருந்து அளந்தார்கள். கடைசி இடம்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது எனக்கு. ஓடிப்போய்க் கையை ஓங்கிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த ராமலிங்கம் சாரும், சிவப்புப் பேனாவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். செல்வராசு எழுந்திருக்காமலே சொன்னான்: "மெத்துன்னு இருந்துச்சு சார். குத்தவே இல்ல."

டேபிள் மேல் விசில்

மறுநாள் விசிலைக் கழற்றித் தலைமையாசிரியர் டேபிளில் வைத்தேன். கழுத்து காலியாகிப்போன மாதிரி இருந்தது. அவர் கால அட்டவணையில் என் பெயரை அடித்துவிட்டு, ராமலிங்கம் சாரைக் கூப்பிட்டு, இனி அந்தப் பீரியட் உங்களுக்குத்தான் என்றார். ராமலிங்கம் சார் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு வேண்டாங்க சார். மணலைக் கண்டதும் கப்பையே மறந்து படுத்துட்டான் ஒரு பய. அவனை இன்னும் ஒரு பீரியட் பெஞ்சுல உக்கார வெக்க எனக்கு மனசு வரலை."

இப்படியாக, பெரம்பலூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய எங்களுக்குப் பீரியடும் மிஞ்சியது, ராமலிங்கம் சார் புண்ணியத்தில் எங்கள் குழிக்குக் கொள்ளிடத்து மணல் ஒரு டிராக்டரும் வந்து இறங்கியது, ஆனால் முதல் நாள் அதில் ஒருத்தனும் தாண்டவில்லை, எல்லோரும் மல்லாந்து படுத்துக் கடலுக்கு அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கணக்கு வாத்தியார் உட்பட.