மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்

போன வருஷம் கத்திரி வெயில் சமயம். அடையாறில் ஒரு நீச்சல் குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய காலை நேரத்தில் நடந்தது. நாற்பத்தைந்து வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் வேறென்ன நடக்கும் என்று என் கணவர் இன்றும் கேட்பார். நீச்சல் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் கொழுப்புதான் செய்தது.

தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடை, அதற்கு மேல் மாடியிலேயே வீடு. விடிந்தால் ஒலிபெருக்கி, ஹாரன், பேரம். குளத்தில் முதல் தடவை தலையை அமிழ்த்தியதும் அத்தனையும் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் மயங்கிவிட்டேன், அவ்வளவுதான். நீச்சலை மூட்டை கட்டி வைத்துவிட்டு மூச்சடக்குவதில் இறங்கினேன். போனிலும் அதே வீடியோக்கள். முதுகில் சிலிண்டர்கூட இல்லாமல், தொங்கவிட்ட ஒரு கயிற்றை ஒட்டியே, ஒரே மூச்சில் கடலின் இருட்டுக்குள் இறங்கிப் போகிறவர்கள். அந்த முகங்களில் அப்படியொரு சாந்தம். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி என்பதால், சங்கு குளிப்பவர்களின் ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது என்று நினைப்பு வேறு. எங்கள் வீட்டில் எல்லோரும் கடலில் கால் நனைத்ததோடு சரி.

மயிலாப்பூரில் ஒரு யோகா வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கபாலபாதி சொல்லிக்கொடுப்பார்கள், புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி. அதைச் சில சுற்று செய்துவிட்டுத் தண்ணீரில் முகத்தைப் புதைத்தால் வெகுநேரம் மூச்சே முட்டவில்லை. பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். யோகா மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அன்று நீச்சல் டீச்சர் லீவு. பெண்கள் நேரத்தில் ஆண் லைஃப்கார்டு தார்ப்பாய்த் திரைக்கு வெளியே நாற்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்காருவது அங்கே வழக்கம். தண்ணீரில் நானும், ராயப்பேட்டையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண்ணும் மட்டும்தான். ஜரிகை எம்பிராய்டரி போடும் குடும்பம். உடம்பு முழுக்க மூடிய நீச்சல் உடையில், சுவரோரக் கம்பியை விடாமல் பிடித்தபடி மார்பளவுத் தண்ணீரில் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சிலிருந்து தப்பிக்கலாம் என்பதும் முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பதில் எனக்கு ஒரு லாபம்.

கபாலபாதியை முடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கம்பியைப் பிடித்துக் குப்புற மிதந்தேன். இதமாக இருந்தது. மூச்சு முட்டவே இல்லை.

போதும் என்று தோன்றியதும் எழுந்துவிட்டேன். தலை துவட்டி, உடை மாற்றி வெளியே வந்தேன். லைஃப்கார்டு நாற்காலி காலியாக இருந்தது. ஆட்டோ பிடித்த ஞாபகம் இல்லை, பனகல் பூங்கா வந்துவிட்டது. வெயில் காய்கிறது. கடைகள் எல்லாம் திறந்திருக்கின்றன, வாசலில் பொம்மைகள் புடவை கட்டி நிற்கின்றன, தெருவில் ஓர் ஆள் இல்லை. ஒரு சத்தம் இல்லை. அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. மாடி ஏறினேன். கணவர் சாப்பாட்டு மேஜையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொடக் கையை நீட்டினேன். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள்.

கண்ணைத் திறந்தால் குளத்தோர டைல்ஸ் தரையில் கிடக்கிறேன். இருமல், வாந்தி. நான் எங்கேயும் போகவில்லை. தண்ணீரிலேயே நினைவு தப்பி மிதந்திருக்கிறேன். ஆட்டோ, பூங்கா, மாடிப்படி எல்லாம் என் தலைக்குள் மட்டும் நடந்தவை.

நடந்து வந்த அந்தப் பெண்ணுக்கு நான் குறுக்கே கிடந்திருக்கிறேன். "கொஞ்சம் நவுருங்கக்கா" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, எரிச்சலில் முழங்காலால் இடித்திருக்கிறாள். ஊறப்போட்ட துணி மாதிரி உடம்பு அப்படியே நகர்ந்ததாம். உடனே சடையைப் பிடித்து முகத்தை வெளியே தூக்கி, கத்தியிருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து லைஃப்கார்டு, "இன்னாம்மா ஆச்சு? உள்ள வரலாமா?" என்று அனுமதி கேட்டாராம். "வா நைனா, பூட்டாங்க போலகீது!" என்று இவள் அலற, பாய்ந்து வந்து என்னைக் கரையேற்றினார். ஆனால் அவர் சொல்லச் சொல்ல என் வாயில் வாய் வைத்து ஊதியது அவள்தான்.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "திருப்பிப் பாத்தா சிரிச்சிக்கினு இருந்தீங்கக்கா. உதடெல்லாம் நீலமா கீது, மூஞ்சில சிரிப்பு. யா அல்லா, அத்தப் பாத்துதான் பயந்துட்டேன்" என்றாள்.

டாக்டர் நன்றாகத் திட்டினார். வேகமாக ஊதி ஊதி நான் காற்றைச் சேமிக்கவில்லையாம். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு போடும் கூச்சலைத்தான் வாயடைத்திருக்கிறேன். அது எழும்புமுன் நினைவு போய்விட்டது. பழகியவர்கள் ஆழத்துக்கு இறங்கும்போதுகூடப் பக்கத்தில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார், வீடியோவில் அவரைக் காட்ட மாட்டார்கள் என்றார்.

குளத்துக்கு இப்போதும் போகிறேன். அவள் பேசுகிறாள், நானும் சேர்ந்து பேசுகிறேன். சாகப்போகிறோம் என்ற பயம் அன்று துளிகூட வரவில்லையே, அதுதான் இன்றுவரை என்னை உலுக்குகிறது. வீட்டுக்குள் நுழையும்போது கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால், வாசலிலேயே நின்று "ஏங்க" என்று குரல் கொடுக்கிறேன். "காது கேக்கு, எதுக்கு இப்படிக் கத்துத?" என்று அவர் திரும்பி எரிந்து விழுந்த பிறகுதான், அன்று நான் நிஜமாகவே கரையேறினேன் என்று எனக்கு நம்பிக்கை வருகிறது.