சூட்டக்காவின் சாவி

பட்டறையில் அவளுக்குப் பெயர் சூட்டக்கா. கொதிகலன் செய்கிற இடம் அது. அங்கே வெல்டிங் ராடுகளை மின்அடுப்பில் எந்நேரமும் சூடாக வைத்திருப்பது அவள் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் ரொட்டிக்கடையில் அடுப்பு பார்த்தவள்.

"ரொட்டி நமத்துப்போனா திட்டு விழும். ராடு நமத்துப்போனா கொதிகலன் வெடிக்கும். மத்தபடி ரெண்டும் ஒரே வேலைதான்" என்பாள் புதிதாகச் சேருகிறவர்களிடம்.

விளையாட்டுப் பேச்சில்லை. ராடின் மேல்பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் உருகிய இரும்புக்குள் புகுந்து, இரண்டு நாள் கழித்துக்கூட உள்ளுக்குள் விரிசல் விடும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். அதனால்தான் விதி: அடுப்பு நூற்றிருபது டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளியே போன ராடு நாலு மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். அடுப்பின் சாவி அவள் ஒருத்தியிடம்தான் இருக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரரும் அதே பட்டறையில்தான் வெல்டர். அவர் பற்றவைத்த இடத்தைப் பார்க்க மற்ற வெல்டர்களே வந்து நிற்பார்கள். ராடுகளை நேரம் தவறித் திருப்பியதற்காக ஐந்து முறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆறாவது முறை வேண்டுமென்றேதான் தாமதமாக வந்தார் என்று தெரிந்த பிறகு, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள்.

அந்த மழைக்கால வியாழக்கிழமை, ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கொதிகலன் முடியும் தறுவாயில் இருந்தது. மூன்று மணிக்கு ஆய்வாளர் வருவதாக ஏற்பாடு. காலையில் வாசலில் புதுச் சரக்கு இறங்கவே, எண்ணி வாங்கப் போன சூட்டக்கா, சாவியை வீட்டுக்காரர் கையில் திணித்தாள்.

"ரெண்டு மணி நேரம் பாத்துக்கோங்க. யாருக்குக் கொடுத்தாலும் எழுதி வைங்க."

திரும்பி வந்து அடுப்பைத் திறந்தாள். முட்டை வாசனை முகத்தில் அடித்தது. வெப்பமானியில் நாற்பது டிகிரி. ராடுகளுக்கு நடுவே, மூடி லேசாகத் திறந்த ஒரு சாப்பாட்டு டப்பா வியர்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது யாரோடது?"

அவர் எட்டிப் பார்த்தார். "நம்ம வீட்டு டப்பா மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?"

"சாப்பாடு ஆறிப்போச்சும்மா. உள்ள வெச்சேன். கருகிடுமேன்னு சுவிட்சை அணைச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"இதுலேர்ந்து ராடு போச்சா?"

"நான் மட்டும்தான் எடுத்தேன். ரெண்டு மூட்டு பத்தவெச்சேன். எழுதியிருக்கேன் பாரு" என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

சத்தம் கேட்டு வந்த ஃபோர்மேன் டப்பாவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, ரெண்டே ரெண்டு மூட்டு. போட்டவரும் சாதாரண ஆளில்ல. சனிக்கிழமை லாரி வருது. கண்டும் காணாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"கொதிகலனுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, ஆய்வாளருக்குத் தவறைத் தெரிவிக்கும் தாளை எடுத்தாள். எழுதினால் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்ததையும் எழுத வேண்டும். அந்தச் சாவி போனால் அவள் வேலையும் போச்சு. பேனாவை இரண்டு முறை மூடினாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கொதிகலன் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கப்போகிற, பார்த்தே இராத யாரோ ஓர் ஆள் நினைவுக்கு வந்தான். மூன்றாம் முறை திறந்து எழுதினாள். அடுப்பில் 'தொடாதே' என்ற சிவப்பு அட்டை தொங்கியது.

ஆய்வாளர் கண்ணாடி போட்ட, குறைவாகப் பேசுகிற அம்மாள். தாளை இரண்டு தடவை படித்தார்.

"சாவி வெச்சுக்கலாம்னு விதியில யார் பேரு இருக்கு?"

"என் பேரு மட்டும்தான் மேடம்."

"வீட்டுக்காரர்னு போட்டிருக்கா?"

"இல்லைங்க."

"அந்த ரெண்டு மூட்டையும் நாற்பத்தெட்டு மணி நேரம் கழிச்சு ஒலி அலை வெச்சுப் பாக்கணும். சாவி விஷயம் அதுக்கப்புறம். லாரி காத்திருக்கட்டும்."

அந்த இரண்டு நாளும் வீட்டில் விசித்திரமான மரியாதை நிலவியது. அவர் கேட்காமலே பாத்திரம் கழுவினார். "ஒண்ணுமே இருக்காது பாரு, என் கை அப்படி" என்று பத்து தடவையாவது சொன்னார். "இருக்கக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிறேன்" என்றாள் அவள். படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை முதல் மூட்டு சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் கருவி நகர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் திரையில் கோடு எகிறியது. உள்ளே, விரல்நீளத்துக்கு ஒரு விரிசல்.

வீட்டுக்காரர் அந்த இடத்தைத் தடவினார். வெளியே பட்டு மாதிரி இருந்தது.

"என் கையை நம்பி அனுப்பியிருந்தா..." என்றார். அவரே அந்தப் பகுதியைக் குடைந்து எடுத்தார். சூட்டக்கா அளந்து கொடுத்த சூடான ராடில், மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பற்றவைத்தார். இன்னும் இரண்டு நாள் காத்திருந்து பார்த்தபோது திரையில் ஒரு கோடுகூட எழும்பவில்லை.

அன்று மதியம் கொதிகலனுக்குள் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். அரை மணி நேரம் எல்லார் கண்ணும் அழுத்தமானியின் முள் மேலேயே. அது அசையவே இல்லை. ஒரு சொட்டுக் கசியவில்லை. ஃபோர்மேன் விசிலடித்தார், தாமதத்துக்காக நாலு நாள் புலம்பியதும் அவர்தான்.

ஆய்வாளர் முத்திரை குத்திவிட்டு சூட்டக்கா பக்கம் திரும்பினார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். தப்பை நீங்களே எழுதிக் கொடுக்கலைன்னா எனக்கு அந்த மூட்டைத் தேடவே தோணியிருக்காது. ஆனா ஒரே ஆள்னு வெச்சது சரியில்ல. நீங்க இல்லாதப்போ பாத்துக்க இன்னொருத்தர் வேணும். விதியிலேயே பேரைச் சேர்த்துடுறேன். யாரைப் போடலாம்?"

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி மேலே போனது.

"ஐயையோ, அவரு வேணாம் மேடம்!" என்று பட்டறை மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள், சிரிப்பு தாங்காமல் கொதிகலன் மேலேயே சாய்ந்துகொண்டாள்.