களமருதூர்க்காரியின் குங்குமப்பூ

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது தமிழ்மொழியின் பேக்கிங் அறை. மழைக்காலத்தில் ஈரத் தலையோடு யாரும் அதற்குள் நுழைய முடியாது. ஆப்கானிஸ்தானத்து ஹெராத்திலிருந்து விமானம் ஏறி வரும் குங்குமப்பூ, கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்றைக் கொஞ்சம் குடித்தாலும் மணம் செத்துவிடும் என்பாள். அங்கேயே சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து மலேசியாவுக்கு அனுப்புகிறாள்.

அப்பாவும் அம்மாவும் களமருதூரில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் 'தார் டின்' என்று பெயர். "உங்கம்மா மாசமா இருந்தப்ப குங்குமப்பூ குடிக்கலியாடி?" என்று கேட்ட பெண்களெல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் போகவில்லை. படித்து முடித்துச் சென்னையில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக அந்தப் பூவைக் கையில் எடுத்தாள். இந்த நாருக்கா இத்தனை பேச்சு என்று கோபம் வந்தது. முகர்ந்தாள். தேனும் காய்ந்த வைக்கோலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். கோபமும் போகவில்லை, அந்த வாசமும் போகவில்லை. இறக்குமதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள்.

அவளிடம் ஜாஸ்தி வாங்குகிறவர் தீனதயாளன். திருநாவலூர்க்காரர், மலேசியாவில் கிள்ளான் நகரத்தில் மளிகை மொத்த வியாபாரம். ஊருக்கு வந்தவர் போன தீபாவளிக்கு முன்னால் மாடியேறி வந்து மேசைமேல் ஒரு லேபிளை வைத்தார். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அதில் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, 'சிவப்பழகுக் குழந்தைக்கு'.

"இது இன்னாண்ணே?"

"மாசமா இருக்கற பொண்ணுங்கதாம்மா இத வாங்குது. இந்தப் படத்த ஒட்டு, கடையில டப்பா தங்காது."

"பொய்யி எழுதி நான் விக்கமாட்டேங்க."

"ஊரே நம்பிக்கினு கீது. நீ ஒருத்தி நம்பலன்னா இன்னா ஆவப்போவுது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் கலையரசன், புதிதாக வந்து இறங்கிய பெட்டிகளைப் பார்த்தான். எல்லாம் இவரை நம்பி வரவழைத்த சரக்கு.

தமிழ்மொழி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அருளு, இங்க வா."

முறுக்கைக் கடித்தபடி மகள் அருள்மொழி வந்து நின்றாள். அம்மாவைவிட ஒரு பிடி கூடுதல் கறுப்பு.

"இவ வயித்துல இருந்தப்ப, சரக்கு வர்றப்பல்லாம் வெந்நீர்ல போட்டு ருசி பாத்தவ நானு. இந்த ஜில்லாவுல எந்த மகராசியும் அவ்ளோ குங்குமப்பூ குடிச்சிருக்கமாட்டா. நல்லா பாருங்க, எங்கனா செவந்திருக்காளா?"

கலையரசன் தாளமுடியாமல் சிரித்துவிட்டான். தீனதயாளனின் முகம் சுருங்கியது.

"கொழந்தைய வெச்சி வாதாடாதம்மா."

"நீங்க வெள்ளக்காரக் கொழந்தைய வெச்சி வாதாடலாம், நான் என் கொழந்தைய வெக்கக்கூடாதா?"

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, லேபிள் வேணாம். பூவ மட்டும் மொத்தமா அனுப்பு. டப்பா நான் அங்க போட்டுக்கறேன்."

"அப்ப நம்ம கையி சுத்தந்தானே, தமிழு?" என்றான் கலையரசன், மெதுவாக.

அவள் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளானில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு கறுத்த பெண்ணை, இவளுடைய பூவை வைத்தே, அதே கேள்வி கேட்பார்கள்.

"என் பூவு என் டப்பாவுலதான் போவுங்க."

தீனதயாளன் எழுந்தார். "இந்த நெறத்துக்கு இவ்ளோ திமிரு ஆவாதும்மா."

"இந்த நெறத்துக்குத்தாங்க இவ்ளோ திமிரு."

படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. லேபிளை எடுக்க மறந்துவிட்டார், அல்லது வேண்டுமென்றே விட்டுப்போனார்.

"இத்தன பொட்டியும் யாரு வாங்குவா?" என்றான் கலையரசன்.

"பாயசத்துக்குப் போடறவங்க இல்லியா? பிரியாணிக்குப் போடறவங்க? வாசனைக்கு வாங்கறவங்கள தேடுவோம்."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கறவரைக்கும் தேடுவோம்."

லேபிளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள். அச்சகத்துக்குப் போகவேண்டிய வரி.

'நிறம் மாறுவது பால் மட்டுமே.'

கலையரசன் வாய்விட்டுப் படித்தான். "இத போட்டா வியாபாரம் கம்மியாவும்டி."

"ஆவட்டும். எழுத்த பெருசா போடச் சொல்லு."