இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்

என் மனைவி என்னோடு ரயில் பார்க்க வந்தது ஒரே ஒரு வார இறுதியில்தான். அது எங்களுக்குத் திருமணமான ஒன்பதாவது வருடம், செப்டம்பர் மாதம்.

ஜேர்மனியில் பெரிய ரயில்கள் கைவிட்ட சின்னச் சின்னப் பாதைகள் நிறைய உண்டு. பதினைந்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர், காட்டுக்குள் போய் முடிந்துவிடும். அந்தந்த ஊர்ச் சங்கத்தார் பழைய எஞ்சின்களைத் திருத்தி சனி, ஞாயிறுகளில் ஓட்டுவார்கள். நான் அவற்றில் ஏறிப் போய்வருவேன். ஒவ்வொரு பாதையையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். அகதி விண்ணப்பம் போட்டு நாலு வருடம் காத்திருந்த காலத்தில் எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. விசா கையில் கிடைத்த மறுநாள், யாரிடமும் கேட்காமல் ஒரு ரயிலில் ஏறி, அது நின்ற இடத்தில் இறங்கினேன். அன்று தொடங்கியது. மனைவி வந்து சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. கிழமை நாட்களில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதி ஏற்றினேன், சனிக்கிழமை விடிந்தால் கமராவோடு கிளம்பினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் வீட்டில் இருந்தாள், பிறகு டொச் மொழி படித்தாள், பிறகு முதியோர் பராமரிப்பில் மூன்று வருட ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தாள். எல்லாம் சனி, ஞாயிறுகளில் தனியே மேசையில் இருந்து படித்ததுதான்.

அந்த வாரம் புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"இந்தச் சனி, ஞாயிறு எங்கை போறீங்கள்?"

"ஹார்ஸ் மலைக்கு. ரெண்டு பாதை இருக்கு. நாளுக்கு ஒண்டு."

"நானும் வரட்டோ?"

நான் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன். விடுதிக்கு உடனே தொலைபேசி எடுத்து ஒற்றை அறையை இரட்டை அறையாக மாற்றினேன். அவளுக்குக் கால் நோகும் என்று ரயில் மாறும் இடங்களைக் குறைத்துப் புது நேர அட்டவணை எழுதினேன். வேலையிடத்தில் கண்ட எல்லோரிடமும் சொன்னேன், மனிசியும் வாறா என்று.

சனிக்கிழமை மலையேறும் நீராவி ரயிலில் பெட்டிகளின் முனையில் உள்ள திறந்த மேடையில் நின்றபடி போனோம். வளைவுகளில் எஞ்சின் முழுதாகத் தெரிந்தது. கரித்தூள் ஒன்று அவள் கண்ணில் விழ, கைலேஞ்சியின் நுனியால் எடுத்துவிட்டேன். இடையில் ஒரு நிலையத்தில் நீண்ட நேரம் நின்றது.

"ஏன் இஞ்சை நிக்குது?"

"தண்ணி குடிக்குது."

அவள் சிரித்தாள். எஞ்சினுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்து, "இன்னும் கிட்டப் போங்கோ" என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தாள். அதற்கு முன் நான் இருக்கும் ரயில் படம் ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை. எல்லாம் நான் எடுத்தவை.

மாலையில் விடுதியில் சூப் குடித்துக்கொண்டே நான் கதைத்தேன். கொதிகலன், சில்லுகள், மூடப்பட்ட பாதைகள், அவற்றைத் திரும்பத் திறக்கக் கிழவர்கள் பட்ட பாடு. அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இவ்வளவு கதைப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மற்றப் பாதை. ஒற்றைப் பெட்டியாக ஓடும் பழைய சிவப்பு டீசல் வண்டி. சாரதிக்கு நேர் பின்னால் இருந்தால் தண்டவாளம் காட்டுக்குள் நீண்டு போவதைப் பார்க்கலாம். அந்த இடத்தை அவள் எனக்கு விட்டுத் தந்தாள். கடைசி நிலையத்தில் சங்கத்துப் பெண்கள் கேக்கும் கோப்பியும் வைத்திருந்தார்கள். திரும்பிப் போக நாற்பது நிமிடம் இருந்தது. வெயிலில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம்.

"இஞ்சருங்கோ, ஒரு விசயம் சொல்ல வேணும்."

"சொல்லும்."

"எனக்கு ஹனோவரில வேலை கிடைச்சிருக்கு. முதியோர் இல்லம். கையெழுத்து வைச்சிட்டன். அடுத்த மாதம் போறன்."

ஹனோவருக்கு எத்தனை மணித்தியாலம், எங்கே மாற வேண்டும் என்று என் மூளை தானாகக் கணக்குப் போட்டது. "அங்கை வீடு எடுக்க வேணுமே. எனக்கு அங்கை வேலை..." என்று தொடங்கினேன்.

"நான் தனியத்தான் போறன்" என்றாள்.

கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். கேட்டவுடனேயே வெட்கமாக இருந்தது.

"ஒருத்தரும் இல்லை. உங்களில கோவமும் இல்லை. தனிய இருந்து எனக்குப் பழகிப் போச்சு. பேந்து ஏன் இஞ்சை இருந்து தனிய இருக்க வேணும் எண்டு யோசிச்சன்."

"அப்ப ஏன் என்னோட வந்தனீர்?"

"நீங்கள் எங்கை போறனீங்கள் எண்டு ஒருக்கா பாக்க வேணும் போல இருந்தது. நேற்றே சொல்ல இருந்தனான். உங்கடை முகத்தைப் பாக்கச் சொல்ல ஏலாமல் போச்சு."

அவளுக்கு ஆவுஸ்பில்டுங் சான்றிதழ் கொடுத்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஒரு வண்டி ஓடியது. நான் அதற்குப் போனேன்.

"அண்டைக்கு நான் வந்திருக்க வேணும்" என்றேன்.

அவள் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "எண்டைக்கு?"

அவளிடம் அப்படி எத்தனையோ நாட்கள் இருந்தன. நான் ஒன்றைத்தான் நினைவில் வைத்திருந்தேன்.

சிவப்பு வண்டி ஊதியது. ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு கற்பாலம் வந்தபோது பழக்கதோஷத்தில், "இது நூறு வருசத்துக்கு மேற்பட்ட பாலம்" என்றேன். "ஓம்" என்றாள்.

பிராங்பேர்ட்டுக்கு ஊர் ஊராக நிற்கும் ரயில்களில் ஆறு மணித்தியாலம் போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வார இறுதிக்கென்று ஒரு டிக்கெட் இருந்தது. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், ஆனால் சேர்ந்துதான் போக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் வந்திருந்தோம். இரண்டாவது ரயிலில் ஏறியதும், "நான் அங்காலை கொஞ்சம் தனிய இருக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு நாலு வரிசை தள்ளிப் போய் இருந்தாள். பரிசோதகர் அவளிடம்தான் முதலில் போனார். அவள் திரும்பி என்னைக் கைகாட்டினாள். அவர் என்னிடம் வந்து, காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா உங்களோடு வருகிறாரா?" என்று டொச்சில் கேட்டார்.

"ஓம், என் மனைவி" என்று டொச்சில் சொன்னேன்.

அவர் முத்திரை குத்திவிட்டுப் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து எதிரில் உட்கார்ந்து, விடுதியில் கட்டித் தந்த பாணைப் பிரித்து என் மடியில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அவள் கொடுத்தால் சாப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

மாதக் கடைசியில் அவளுடைய பெட்டிகளை நானே கீழே தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த இரண்டு கோடைகாலம் நான் எந்தப் பாதைக்கும் போகவில்லை. சனிக்கிழமைகளில் அவள் படித்த மேசையில் இருந்து பார்த்தேன். எதிர் வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. மாலை வரை அந்த இடத்தில் ஒருவர் எப்படி இருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

விவாகரத்துக்கு பிராங்பேர்ட் நீதிமன்றத்தில் தவணை கொடுத்த நாளில் அவள் ஹனோவரிலிருந்து வந்தாள். தலைமயிரைக் குறைத்து வெட்டியிருந்தாள், நன்றாக இருந்தாள். நீதிபதி கேட்டதற்கெல்லாம் ஓம் என்றோம். கால் மணித்தியாலத்தில் முடிந்தது. வெளியே வந்து, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் அவளுடைய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கூடவே நிலையத்துக்குப் போனேன். பத்து நிமிடம் தாமதம் என்று பலகையில் விழுந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் மழையைப் பற்றிக் கதைத்தோம். ஹனோவரில் இதைவிடக் கூட மழை என்றாள். குடை வைத்திருக்கிறீரோ என்று கேட்டேன். வைத்திருக்கிறேன் என்றாள்.