அடுப்படிச் சுவரில் வளர்ந்த டிவி

எங்கள் வீட்டுக்குள் சிக்கனம் புகுந்ததற்கு வறுமை காரணமில்லை. வறுமை அதற்கு வெகுகாலம் முன்பே வந்து காலை நீட்டிப் படுத்திருந்தது. அதைப் பார்த்து நாங்கள் ஒரு கரண்டி சீனியைக்கூடக் குறைத்ததில்லை. காரணம், கிளார்க்கர் வீட்டு ஜன்னல்.

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறும் ஒரு இறப்பர் தோட்டத்தில், தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் மூன்று பேர் லயம் என்ற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. நாங்கள் இரண்டு பேரும் பால் வெட்டினோம். மாமி தன் காலத்தில் வெட்ட வேண்டிய மரத்தையெல்லாம் வெட்டி முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு என்றால், வெற்றிலை போடுவதும், லயத்தில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்ற விவரத்தைப் பிசகாமல் வைத்திருப்பதும்.

லயத்தில் கரண்ட் கிடையாது. கிளார்க்கர் வீட்டில் கரண்டும் இருந்தது, டிவியும் இருந்தது. தமிழ்ப் படம் போடும் நாட்களில் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கும். கூட்டத்தின் முன்வரிசை மாமிக்குச் சொந்தம். ஒரு நாள், படம் முழுக்க அட்டூழியம் செய்த வில்லனைக் கதாநாயகன் கடைசியாகச் சட்டையைப் பிடித்துத் தூக்கும் நேரத்தில், கிளார்க்கரின் சம்சாரம் ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டார். அந்தம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது. பரபரப்பில் மாமி துப்பிய வெற்றிலை எச்சில் போய் விழுந்தது அவருடைய வெள்ளை ரோஜாவின் மேல்.

மாமி வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

"அந்தப் பாவி அடி வாங்குறதப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

என் வீட்டுக்காரர், "நாமளே ஒண்ணு வாங்குவோம். பெட்டரியில ஓடுற டிவி இருக்கு. சீனி, எண்ணெய், அது இதுன்னு மிச்சம் புடிச்சா வாங்கிப்புடலாம்" என்றார். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை. அதனால் நாங்கள் அதைப் பாரதூரமாக எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அடுப்புக்கரியை எடுத்து அடுப்படிச் சுவரில் ஒரு டிவி வரைந்தார். புகை ஏறிக் கறுத்த சுவர் என்பதால் முதலில் வரைந்தது அவருக்கே தெரியவில்லை. பிறகு ஒரு இடத்தைச் சுரண்டி வெளுப்பாக்கி, அதில் பெரிதாகப் பெட்டியும் கால்களும் குமிழ்களும் போட்டு, பெட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒரு வாரம் மூன்று பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் ஒரு கட்டத்தைக் கரியால் நிரப்ப வேண்டும். ஒருவர் தவறினாலும் அந்த வாரம் கட்டம் இல்லை. பெரிய தவறென்றால் நிரப்பிய கட்டத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அன்ரனா எங்கே என்று மாமி கேட்டார். அதையும் வரைந்தார். அது ஆட்டுக் கொம்பு மாதிரி இருந்தது.

ஆளுக்கொரு குறிக்கோள் ஒதுக்கப்பட்டது. மாமிக்குச் சீனி. அவர் தேத்தண்ணியில் சீனி போட்டுக் குடிக்க மாட்டார். உள்ளங்கையில் ஒரு குவியல் சீனியை வைத்துக்கொண்டு, நக்கி நக்கிக் குடிப்பார். வாங்கிய சீனி சனிக்கிழமை வரை தகர டின்னில் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு லாம்பெண்ணெயும் தேங்காயும். வீட்டுக்காரருக்குச் சம்பள நாளில் குடிக்கும் கசிப்பு. அதில் தமக்கு ஒரு விலக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். திருவிழாவுக்கு மட்டும், சாமி காரியம் என்று. சாமி கசிப்புக் கேட்டதாகத் தனக்குத் தெரியாது என்று மாமி சொல்லிவிட்டார்.

சாமி பேச்சு வந்ததும் ஊதுபத்தியும் கணக்கில் சேர்ந்தது. ஒன்றை மூன்றாக உடைத்து முருகன் படத்துக்கு மூன்று நாள் காட்டினோம். மாமிக்கு அதில் கொஞ்சம் பயம் இருந்தது. இரண்டாம் நாள் படத்துக்கு முன்னால் நின்று, டிவி வந்ததும் முழு ஊதுபத்தியாகத் தருவதாகச் சமாதானம் சொன்னதை நான் கேட்டேன்.

யார் தவறினார் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் வேண்டியிருந்தது. மாமியையே வைத்தோம். அவர் மகன் பக்கம் சாய மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் மகனை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. ஆனால் தன் பக்கம் சாய்வார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. முதல் வாரமே வெள்ளிக்கிழமை சீனி டின் காலி. விசாரணை நடந்தது. டின்னுக்குள் ஈரம் பட்டுச் சீனி கரைந்துவிட்டது என்று நடுவர் தீர்ப்பளித்தார். மழைக்காலம்தானே என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார். கட்டம் நிரம்பியது.

நான் என் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். லாம்பெண்ணெய் பாதிக்குமேல் போவது விளக்குக்கு அல்ல, ஈர விறகைப் பற்றவைக்க. மரத்தின் வெட்டு வாயில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலில் ஒரு துண்டு கொண்டுவந்து அடுப்பில் வைத்தால் எந்த விறகும் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துச் சாமான், எடுக்கக்கூடாது; எல்லாரும் எடுத்தோம். எண்ணெய் மிச்சப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் புகை ஒரு மாதிரியான புகை. சோறு, பருப்பு, முருகன், மாமியின் கொண்டை எல்லாவற்றிலும் டயர் எரித்த வாசம். பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொண்டார்கள். அதனால் எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பெண்கள் அடுப்படியில் எட்டிப் பார்த்து, எவ்வளவு வந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கு என்ன படம் என்று பக்கத்துக் காம்பராக்காரர் தினமும் கேட்பார். திருவிழா வந்தது. சாமி தூக்கப் போன என் வீட்டுக்காரரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமி துணியை நனைத்து எடுத்து, இரண்டு கட்டத்தைத் துடைத்து, அப்போதும் கோபம் தீராமல் அன்ரனாவின் ஒரு கொம்பையும் துடைத்துவிட்டார்.

இப்படி ஏறியும் இறங்கியும் படம் முக்கால்வாசி கறுப்பாகிவிட்ட நேரத்தில், கம்பெனியிலிருந்து பெரியவர்கள் லயம் பார்க்க வரப்போவதாகப் பேச்சு வந்தது. பெரியவர்கள் வந்தால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வழக்கமாக வெளிச்சுவரோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தத் தடவை வருகிறவர்கள் அடுப்படிக்குள்ளும் தலையை நீட்டக்கூடியவர்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் மலையில் பால் வெட்டிக்கொண்டு நிற்கும்போது சுண்ணாம்பு வாளியோடு இரண்டு பேர் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள். மத்தியானம் நாங்கள் வந்து பார்த்தால் அடுப்படி பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மாமி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? சொல்லக் கூடாதா மாமி?" என்றேன்.

"சொல்லாம என்னா? டிவிய விட்டுட்டு அடிங்கடான்னுதான் சொன்னேன். அவனுங்க காம்பரா பூரா தேடிப் பாத்துட்டு, டிவி எதுவும் இல்லியே ஆச்சின்னு அடிச்சுப்புட்டானுங்க."

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் உண்மையான சண்டை. எத்தனை கட்டம் நிரம்பியிருந்தது என்பதில் மூன்று பேருக்கும் மூன்று நினைவு. வீட்டுக்காரர் திருவிழாவில் துடைத்ததைத் துடைக்காதது போலச் சொன்னார். மாமி, சீனி தொடர்பாக எந்த வாரமும் கட்டம் தவறியதே இல்லை என்று முருகன் படத்துக்கு நேராகக் கையைக் காட்டினார். நான் ஒரு எண்ணைச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எனக்குக் கணக்கு வராது என்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பெரியவர்கள் கடைசியில் வரவே இல்லை. மழைக்கு ரோடு சரிந்திருந்ததால் பங்களாவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

சண்டை நடந்துகொண்டிருந்தபோது எனக்குச் சீட்டு விழுந்தது. வாராவாரம் மிச்சம் பிடித்ததை நான் லயத்துப் பெண்கள் பிடித்த சீட்டில்தான் கட்டிக்கொண்டிருந்தேன். மாமிக்கும் வீட்டுக்காரருக்கும் அது தெரியும், ஆனால் சுவரைப் பார்த்துப் பார்த்து, காசு அங்கேதான் இருக்கிறது என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் வந்துவிட்டிருந்தது. கட்டம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் சீட்டு விழுகிற நாளில் விழுந்துவிடும் என்று நான் சொன்னபோது, தம்மை ஏமாற்றிவிட்டேன் என்பது போல என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

அவிசாவளையில் ஒரு கடை முதலாளியிடம் பழைய கறுப்பு வெள்ளை டிவி ஒன்று வாங்கினோம். ஒரு பெட்டரியும் வாங்கினோம். மாமியும் கூட வந்தார். வராவிட்டால் நாங்கள் வேறு எதையாவது வாங்கிவிடுவோம் என்று அவருக்குப் பயம். திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டக்டர் டிவிக்கும் ஒரு டிக்கட் எடுக்க வேண்டும் என்றார். மாமி சிங்களத்தில் பிடித்துக்கொண்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஹட்டன் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் ஊரில் சிங்களம் தெரியாமலேயே பிறந்து வளர்ந்து கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். இங்கே மீன் வாங்கவே அது வேண்டும். வீட்டுக்காரர்தான் சொன்னார்: டிக்கட் எடுத்தால் உட்கார இடமும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டிவியை உன் மடியில்தான் வைப்பேன் என்று மாமி சொல்கிறாராம். கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒரு ஆளை எழுப்பிவிட்டார். டிவி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. மாமி, கல்யாணப் பெண்ணைப் பிடிப்பது போல அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

டிவி வந்த பிறகு சிக்கனம் போன இடம் தெரியவில்லை. பின்னேரமானால் அரைவாசி லயம் எங்கள் காம்பராவில். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியுமா? முன்பு ஒரு வாரம் போன சீனி இப்போது ஒரே படத்துக்குப் போதவில்லை. இடைவேளைக்கு முன்பே டின் காலி. கடைசியில் மாமியே ஒரு சட்டம் போட்டார். தேத்தண்ணி நம்முடையது, சீனி அவரவருடையது. எல்லாரும் பேப்பர்ச் சுருளில் சீனியை மடித்துக்கொண்டு வந்தார்கள். மறந்து வந்தவர்களைப் பெட்டரி சார்ஜ் பண்ண அனுப்பினோம். பாரத்தைத் தூக்கிக்கொண்டு தெஹியோவிட்டவுக்குப் போய்வந்த யாரும் இரண்டாம் தடவை மறந்ததில்லை. அந்தப் பாவி வில்லன் மட்டும் எங்கள் டிவியில் ஒருநாளும் வரவில்லை. வேறு பல பாவிகள் அடி வாங்கினார்கள். மாமி அதில் திருப்திப்பட்டுக்கொண்டார்.

தமிழ்ப் படம் எப்போதாவதுதான். மற்ற நாட்களில் சிங்கள நாடகம். மற்றவர்கள் எல்லாருக்கும் விளங்கும். எனக்கு மட்டும் விளங்காது. மாமி என் காதோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். ஒரு நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. அதில் ஒரு மருமகள். மாமியாருக்குச் சாப்பாடு போட மாட்டாள், மருந்து என்று சொல்லி எதையோ ஊசியில் ஏற்றுவாள், டின்னில் இருக்கும் சாமானை ஒளித்து வைப்பாள். அப்படியொரு பெண்ணா என்று நான் வாயில் கையை வைத்துக்கொள்வேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சந்தையிலும் பஸ்ஸிலும், அந்தப் பெட்டியிலும் கேட்டுக் கேட்டு எனக்குச் சிங்களம் மெல்ல மெல்ல வந்துவிட்டது. வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் மருமகளே இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ். படுத்துக் கிடந்த கிழவிக்கு அவளைப் போல ஒரு நல்ல பெண் கிடைக்கவே மாட்டாள்; அவ்வளவு நல்லவள்.

எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் பின்னேரம் மாமி வழக்கம் போல ஆரம்பித்ததும், "எனக்கு இப்ப கொஞ்சம் வெளங்குது மாமி" என்றேன்.

அவர், "அப்பறம் என்னா, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே இருந்தார். பை அவர் மடியில்தான் இருந்தது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

"வேகமாப் பேசுறது வெளங்க மாட்டேங்குது" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று மாமி நகர்ந்து வந்து என் காதோரம் உட்கார்ந்தார். அன்றைய கதையில் அந்த மருமகள் மாமியாரை விறகுக்கட்டையால் அடித்துவிட்டு, வீட்டையும் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டாள். டிவியில் இரண்டு பேர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.