இருபத்து நான்காம் வசனம் யாருடைய முறை

கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பேர். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை வெள்ளை மேஜையில் விரித்து, காலர், கை, காஜா என்று ஒரு நோட்டம் விட்டால் போதும், தையல் விட்ட இடம் தானாக வந்து கண்ணில் விழும். அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவளுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். பிரித்துத் தைத்து வந்தால்தான் ஸ்டிக்கர் கழலும். யார் மூக்கைச் சிந்தினாலும் சரி.

இப்பேர்ப்பட்டவள், கணவனின் அக்காவோடு இருபத்து மூன்று நாளாகச் சண்டையா சமாதானமா என்று தனக்கே தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

சண்டை என்றால் பேச்சு இருக்கக் கூடாது. இவர்களோ தினமும் காலை ஐந்தரைக்குத் தவறாமல் போனில் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிட வாசித்தார்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து செய்த பொருத்தனை அது. நாளுக்கு ஓர் அதிகாரம், ஆளுக்கொரு வசனம், வேதம் முழுவதையும் முடிப்பது. நேற்றுக் கடைசி வசனத்தை வாசித்தவர் இன்று தொடங்கக் கூடாது, மற்றவர்தான் தொடங்க வேண்டும். முன்பெல்லாம் வாசிப்புக்குப் பிறகு பிள்ளைகள், முழங்கால் வலி, மாவு புளித்தது என்று ஒரு கால்மணி நேரம் கதையும் ஓடும். இப்போது கதை இல்லை. வசனம் முடிந்ததும் டொக்கென்று போன் வைக்கப்படும்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சபையின் சகோதரிகள் ஜெபக்குழுவுக்கு எட்டு வருஷமாகத் தலைவி. வாயில் நுழையாத பேர்கள் நிறைந்த வம்ச அட்டவணையைக்கூட வருகைப் பதிவேடு மாதிரி தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். ஜெபத்தில் ஆமென் சொல்வதிலும் அவளை முந்த ஆள் கிடையாது.

அந்த நம்பிக்கையில்தான் கழுகு ஒருநாள் வாயைக் கொடுத்தாள்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் தினம் வாசிக்கிறேன், ஆனா உள்ள ஒண்ணும் போகமாட்டேங்குது. ஜெபம் பண்ணினா சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் வேதத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, நேரமாச்சு" என்று போன் வைக்கப்பட்டது.

வந்த சனிக்கிழமை, சபைக்குப் பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஜெபக்குறிப்புகள் சொல்லும் நேரம் வந்தது. தலைவி எழுந்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். பிறகு, "என் தம்பி மனைவிக்காக ஜெபிச்சுக்குங்க. விசுவாசத்துல ரொம்பச் சோர்ந்து போயிருக்கா" என்றாள். அவ்வளவுதான். பதினொரு பெண்களும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து, கழுகின் தலையிலும் தோளிலும் கை வைத்துவிட்டார்கள். கை வைக்க இடம் கிடைக்காத ஒருத்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் நோயாளி. சபை வாசலில், "இப்ப எப்படி இருக்கு?" என்று காய்ச்சல்காரியைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஒருத்தி சின்னப் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்து, சாப்பாட்டுக்கு முன்னால் படிக்கச் சொன்னாள். கழுகுக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. ரகசியம் என்று சொன்னதை ஜெபக்குறிப்பு என்று பேர் மாற்றி ஊருக்கே பரிமாறிவிட்டாளே என்று பொருமினாள். அண்ணி வாயால் 'தப்புதான்' என்ற ஒரு வார்த்தை வந்தால் போதும். வரவில்லை.

பிறகு ஏன் போனை எடுக்கிறாள்? முதலில் நிறுத்துகிறவள் தோற்றவள் ஆகிவிடுவாளே! தேவனுக்காக வாசிக்கிறோமா, வீம்புக்கு வாசிக்கிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. அதைவிட விளங்காதது இன்னொன்று. சண்டை வந்த நாளிலிருந்து வசனம் உள்ளே போக ஆரம்பித்திருந்தது. அண்ணி குரலில் எங்காவது குற்ற உணர்ச்சி தட்டுப்படுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில், வார்த்தை ஒவ்வொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. மேஜையில் சட்டையைத் திருப்பும்போது காலை வாசித்த வரி தானாக வாய்க்குள் ஓடியது. கோபத்தில் வந்த பக்தி எந்தக் கணக்கில் சேரும்? யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவும் ஜெபக்குறிப்பாகிவிடும்.

அவள் கணவன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தான். "காலைல ரெண்டு பேரும் ஒண்ணா வேதம் வாசிக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை பார்த்தா ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கு மட்டும் புரியுதாக்கும்?" என்றாள் அவள்.

புதிய ஏற்பாடு தொடங்கி நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் இடம் வரும் என்று அவளுக்குத் தெரியும். காணிக்கை கிடக்கட்டும், உன்மேல் மனஸ்தாபமாய் இருக்கிறவரிடம் முதலில் போய்ச் சமாதானமாகு என்று சொல்கிற இடம். இருபத்து நான்காம் வசனம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் விரல்விட்டு எண்ணினாள். நாளை தொடங்குவது அவள். ஒற்றைப்படை அவளுக்கு, இரட்டைப்படை அண்ணிக்கு. இருபத்து நான்கு, அண்ணி தலையில்!

வாசிக்கட்டும். தன் வாயாலேயே வாசிக்கட்டும். வாசித்துவிட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைத்தால், மறுநாளிலிருந்து இந்த உறவும் வேண்டாம், வாசிப்பும் வேண்டாம் என்று முடிவு கட்டினாள். ஆனால் ஒன்று. தனியாக வாசித்தால் மறுபடியும் சுவரோடுதான் பேச வேண்டும்.

மறுநாள் காலை போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தொடங்கினாள். எல்லாம் கணக்குப்படி போயிற்று. பத்தாம் வசனத்தை வாசித்த அண்ணி, மூச்சு விடாமல் பதினொன்றையும் சேர்த்து வாசித்துவிட்டாள்.

கழுகுக்குத் திக்கென்றது. இப்போது இருபத்து நான்கு தன் தலையில் வந்து விடியும். வேண்டுமென்று செய்தாளா, வாய் தவறியதா? பதிவேட்டில் வரி தாண்டாத ஆசிரியைக்கு வாய் தவறுமா? விடக் கூடாது என்று பதினாறோடு பதினேழையும் இவள் சேர்த்து வாசித்தாள். அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. இருபது வந்தபோது அண்ணி இருபத்தொன்றையும் சேர்த்து விழுங்கினாள்.

ஆக, அவளும் எண்ணியிருக்கிறாள்!

இருபத்திரண்டை இவள் வாசித்தாள். இருபத்து மூன்றை அவள் வாசித்தாள். இருபத்து நான்கு. கழுகு வாயைத் திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது. அண்ணியும் வைக்கவில்லை, பேசவுமில்லை. ஐந்து ஐம்பதுக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்.

"வாசி" என்றாள் அண்ணி. இருபத்து நான்கு நாளில் வேதத்தில் இல்லாத முதல் வார்த்தை.

"உங்க முறை அண்ணி. கணக்கை மாத்தினது நீங்க."

"என்னால அதை வாசிக்க முடியாதும்மா."

"ஏன்? தப்புன்னு ஒத்துக்கணும்னா?"

"தப்புதான். ஆனா நீ நினைக்கிற தப்பு இல்ல." அண்ணி தன் கணீர்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. குழுவுக்குத் தலைவியா வந்ததுல இருந்தே. எட்டு வருஷமா சுவத்துக்கிட்டதான் பேசிட்டிருக்கேன். நீ சொன்னப்போ 'எனக்கும்'னு ஒரு வார்த்தை வந்திருக்கணும். வரல. சனிக்கிழமை எனக்காகக் கேக்கணும்னுதான் எழுந்தேன். எல்லாரும் என் மூஞ்சியப் பார்த்தாங்க. வாய்ல உன் பேரு வந்துடுச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கழுகுக்குக் கோபம் முன்னைவிட இரண்டு பங்கு வந்தது. கூடவே பரிதாபமும் வந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றவள், சம்பந்தமில்லாமல் ஒன்றைக் கேட்டாள்.

"அப்போ அந்த ஜெபம் யாருக்குப் போய்ச் சேந்துச்சு அண்ணி?"

"தெரியலையே. அவங்க கை உன் தலைல இருந்துச்சு. நான் என் தலையத்தான் குனிஞ்சுக்கிட்டேன்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கழுகு அசையவில்லை. வசனங்கள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது எந்த நாளிலிருந்து என்று எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். அதே சனிக்கிழமைதான் வந்தது.

"எனக்குத்தான் வந்திருக்கு போல," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்காம."

அண்ணி சிரித்தாளா அழுதாளா என்பது போனில் தெரியவில்லை. வேன் போய்விட்டது. இருபத்து நான்கை யாரும் வாசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஜெபக்குறிப்பு நேரத்தில் கழுகு தானாக எழுந்தாள். தலைவியின் முகம் வெளிறிப்போயிற்று. பதினொரு பெண்களும் இவளையே பார்த்தார்கள். உண்மையை உடைத்துச் சொன்னால் இவளுடைய மானம் திரும்பிவிடும், காய்ச்சல்காரி பட்டம் கைமாறிவிடும். மூன்று வாரமாக இவள் கேட்டுக்கொண்டிருந்த நியாயம் அதுதானே?

"எனக்காக இன்னொரு தடவை ஜெபிச்சுக்குங்க," என்றாள். "எனக்கு இன்னும் சரியாகல."

"ஐயோ பாவம், இன்னுமா?" என்றாள் புத்தகம் கொடுத்தவள்.

நாற்காலிகள் தள்ளப்பட்டன, கைகள் வந்தன. அந்த நெரிசலில் அவள் அண்ணியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தான் செய்தது ஜெபமா, சபை நடுவில் சொன்ன பொய்யா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு தையல்கூட விட்டுப்போகாதபடி பிடித்திருந்தாள்.

ஜெபம் முடிந்தது. பெண்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எப்போதும் முந்திக்கொள்ளும் குரலைக் காணோம். எல்லாரும் கையை எடுத்து, அவரவர் நாற்காலிக்குத் திரும்பிய பிறகு, கழுகுக்கு மட்டும் கேட்கும்படி அது வந்தது.