நாலில் ஒரு குட்டி

எங்கள் அவனியாபுரத்து ஹரிநாராயணன் முப்பது வருடமாக நூலுக்குச் சாயம் போடுகிறவர். யாரையும் லேசில் நம்பமாட்டார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால்கூட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்த மனிதர் முழுசாக நம்பிய ஒரே ஆள் பேரையூர் வெள்ளைத்துரை. போவா என்ற விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பை முறைப்படி பதிவு செய்து வளர்க்கிறவன். அவனால்தான் இவருக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது.

மூன்று வருடத்துக்கு முன் வெள்ளைத்துரை இவருக்கு ஒரு ஜோடி கொடுத்தான். இரண்டும் மண்நிறம், முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள்.

"வெளிய பாக்கத்தாண்ணே இப்படி. ரெண்டுக்குள்ளயும் ஆரஞ்சு ஒளிஞ்சிருக்கு. கறுப்பே இல்லாத ஆரஞ்சுக் குட்டி நாலுக்கு ஒண்ணு விழும்" என்றான்.

ஹரிநாராயணன் அதைச் சாயக்கணக்காக எடுத்துக்கொண்டார். அவர் தொழிலில் அளந்து போட்டால் அளந்தபடி நிறம் வரும். வராவிட்டால் யாரோ அளவில் கைவைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

போவா முட்டையிடாது, குட்டிதான் போடும். போன வருடம் எட்டுப் போட்டது. எட்டுக்கு இரண்டு ஆரஞ்சு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டும் மண்நிறம்.

அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. அவன் ஏன் பாம்பைப் பையில் கட்டியே கொண்டுவந்தான்? அந்த ஜோடியைப் பெற்ற தாய்ப்பாம்பை ஏன் காட்டவில்லை? ஆரஞ்சு வம்சத்தைத் தானே வைத்துக்கொண்டு வேறு ஜோடியைத் தள்ளிவிட்டானோ? பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் நூறு தடவை கேட்டிருப்பார். எனக்கே சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

வெள்ளைத்துரை மகளுக்குக் காதுகுத்து. இலையில் சோறு விழுந்த நேரம், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் இவர் கேட்டுவிட்டார்: "பாம்ப மாத்தித்தானே குடுத்த?"

அவன் முகம் செத்துப்போனது. "அண்ணே, அது சாயத்தொட்டி இல்ல. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக் குலுக்கிப் போடுற சீட்டு. எட்டுலயும் விழாமப் போகலாம். சாப்புடுங்க."

இவர் சோற்றைத் தொடாமல் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். நானும்தான், வெட்கங்கெட்டுப் பின்னாலேயே வந்தேன்.

இந்த ஆடியில் அதே ஜோடிக்கு ஏழு குட்டி. மூன்று ஆரஞ்சு! கண்கூடச் சிவப்பு. அப்போதும் ஹரிநாராயணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வேட்டி நுனியை நனைத்து ஒரு குட்டியின் முதுகைத் தேய்த்துப் பார்த்தார். வேட்டியில் நிறம் ஏறவில்லை. குட்டி அவர் விரலைக் கடித்தது. நல்லா வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தார். நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"வெள்ளைத்துரை, மூணு ஆரஞ்சு விழுந்துருக்கு. நீ சொன்னது நெசந்தாம்ப்பா. வீட்டுக்கு வா."

"சந்தோசம்ணே." பிறகு கேட்டான்: "இந்த மூணும் விழலேன்னா, நான் சாகுற மட்டும் ஏமாத்துக்காரந்தானாண்ணே?"

ஹரிநாராயணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அங்கே அவன் போனை வைத்துவிட்டான்.